தாய்வழி வரும் மெலாஸ் நோய்: அறிகுறிகளும் குடும்பங்கள் அறிய வேண்டியவையும்

ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கடுமையான தலைவலி, வாந்தி, அதைத் தொடர்ந்து வலிப்பு வருகிறது. பிள்ளையின் தாய்க்கு முப்பத்தைந்து வயதிலேயே சர்க்கரை நோய். தாயின் சகோதரிக்கு இரண்டு காதும் சரியாகக் கேட்பதில்லை. பாட்டியோ பல வருடங்களாக இதயக் கோளாறுக்கு மருந்து சாப்பிடுகிறார். நால்வரும் நான்கு வெவ்வேறு மருத்துவர்களிடம் காட்டுகிறார்கள். பிள்ளைக்கு நரம்பியல் மருத்துவர், தாய்க்கு சர்க்கரை மருத்துவர், பெரியம்மாவுக்கு காது மூக்கு தொண்டை மருத்துவர், பாட்டிக்கு இதய மருத்துவர். நால்வரின் மருத்துவக் கோப்புகளும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்கப்படுவதே இல்லை.

இப்படித் தனித்தனி நோய்களாகத் தெரிபவை சில குடும்பங்களில் ஒரே நோயின் பல வடிவங்களாக இருக்கக்கூடும். அப்படிப்பட்ட நோய்களில் ஒன்றுதான் 'மெலாஸ்'. இது அரிய நோய். இதை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்று இல்லை. ஆனால் உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் ஆபத்தான மருந்துகளைத் தவிர்க்கலாம், தாக்குதல் வரும்போது விரைந்து சிகிச்சை பெறலாம், குடும்பத்தில் மற்றவர்களையும் கவனிக்கலாம். அதற்காகவே இந்த நோயைப் பற்றி நாம் ஓரளவேனும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மைட்டோகாண்ட்ரியா என்றால் என்ன?

நம் உடல் கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. முதிர்ந்த சிவப்பணுக்கள் நீங்கலாக ஏறத்தாழ எல்லா உயிரணுக்களுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. பள்ளிப் பாடப்புத்தகத்தில் இதை 'உயிரணுவின் ஆற்றல் நிலையம்' என்று படித்திருப்போம். நாம் உண்ணும் உணவையும் சுவாசிக்கும் ஆக்சிஜனையும் கொண்டு, உடல் இயங்குவதற்குத் தேவையான ஆற்றலின் பெரும்பகுதியை இவைதான் உருவாக்குகின்றன.

இந்த உற்பத்தி குறைந்தால் முதலில் பாதிக்கப்படுவது அதிக ஆற்றல் தேவைப்படும் உறுப்புகள்தாம். மூளை, தசை, இதயம், கண், காது, கணையம், சிறுநீரகம் ஆகியவை இந்த வரிசையில் வருகின்றன. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத உறுப்புகள் ஒரே நோயில் பாதிக்கப்படுவதற்கு இதுவே காரணம்.

மைட்டோகாண்ட்ரியாவுக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. உயிரணுவின் கருவில் இருக்கும் டி.என்.ஏ. தவிர, இதற்கென்று சொந்தமாக ஒரு சிறிய டி.என்.ஏ. இருக்கிறது. அதில் 16,569 எழுத்துகளும் 37 மரபணுக்களும் உள்ளன. இந்த டி.என்.ஏ. நமக்குத் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. கருவில் உருவாகும் குழந்தை ஆணானாலும் பெண்ணானாலும் அதன் மைட்டோகாண்ட்ரியா தாயின் கருமுட்டையிலிருந்து வந்ததே.

மெலாஸ் அறியப்பட்ட விதம்

மைட்டோகாண்ட்ரியா கோளாறால் ஒரு மனிதருக்கு நோய் வரும் என்பது 1962-ல்தான் தெரிய வந்தது. சுவீடனில் ரோல்ஃப் லுஃப்ட் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் ஒரு பெண் நோயாளியை ஆராய்ந்து அதை நிறுவினர். 1984-ல் அமெரிக்காவில் பாவ்லாகிஸ் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும், இளம் வயதில் பக்கவாதம் போன்ற தாக்குதல், வலிப்பு, தசைக் கோளாறு, இரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடுதல் ஆகியவை சேர்ந்து வரும் நிலையைத் தனி நோயாக விவரித்தனர். 'மைட்டோகாண்ட்ரியல் என்செஃபலோமயோபதி, லாக்டிக் அசிடோசிஸ், ஸ்ட்ரோக் லைக் எபிசோட்ஸ்' என்ற நீண்ட பெயரின் முதலெழுத்துகளே 'மெலாஸ்' ஆயின.

1990-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கோட்டோ, நோனாகா, ஹொராய் ஆகியோர் இதன் காரணத்தைக் கண்டறிந்தனர். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வின் 3243-வது இடத்தில் 'ஏ' என்ற எழுத்து இருக்க வேண்டும். அங்கே 'ஜி' மாறி அமைந்துவிடுகிறது. மெலாஸ் நோயாளிகளில் சுமார் 80 சதவீதத்தினருக்கு இந்த ஒரு மாற்றமே காரணம். மற்றவர்களுக்கு வேறு இடங்களில் உள்ள மாற்றங்கள் காரணமாகின்றன.

இந்த மாற்றத்தைச் சுமப்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். ஆஸ்திரேலியாவில் பொதுமக்களிடம் நடத்தப்பட்டு 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழ 400 பேருக்கு ஒருவரிடம் இது காணப்பட்டது. அவர்களில் பெரும்பாலோருக்கு முழு மெலாஸ் நோய் வருவதில்லை. சிலருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. சிலருக்கு சர்க்கரையோ காது கேளாமையோ மட்டும் வருகிறது.

ஒரே குடும்பத்தில் ஏன் ஆளுக்கொரு விதம்?

ஒரு உயிரணுவுக்குள் நூற்றுக்கணக்கான, சிலவற்றில் ஆயிரக்கணக்கான மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. பிரதிகள் இருக்கின்றன. மாற்றம் உள்ளவற்றோடு மாற்றமில்லாதவையும் அவற்றில் கலந்திருக்கும். ஒருவருக்குப் பழுதானவை பத்து சதவீதம் இருக்கலாம், அவருடைய தம்பிக்கு எழுபது சதவீதம் இருக்கலாம். ஒரே மனிதருடைய தசையில் ஓர் அளவும் இரத்தத்தில் வேறோர் அளவும் இருப்பதும் உண்டு. பழுதானவை ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டும்போதுதான் அந்த உறுப்பு தடுமாறத் தொடங்குகிறது.

தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது இந்த விகிதம் பெரிதும் மாறக்கூடும். இதனால்தான் ஓரளவு ஆரோக்கியமாக இருக்கும் தாய்க்குக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிள்ளை பிறக்கிறது. அதே தாயின் இன்னொரு பிள்ளை எந்தக் குறையுமின்றி வளர்கிறது.

அறிகுறிகள் என்னென்ன?

மெலாஸ் உள்ள குழந்தைகள் பலரும் பிறந்த முதல் சில ஆண்டுகள் மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்கிறார்கள். பெரும்பாலும் 20 வயதுக்கு முன்பே அறிகுறிகள் தொடங்குகின்றன. 40 வயதை ஒட்டித் தொடங்குவதும் உண்டு. கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்:

1. வயதுக்கேற்ற உயரம் இல்லாமை, உடல் மெலிவு.
2. சிறிது ஓடினாலும் மாடி ஏறினாலும் அளவுக்கு மீறிய களைப்பு, தசை வலி, தசைப் பலவீனம்.
3. ஒற்றைத் தலைவலி போன்ற கடுமையான தலைவலி அடிக்கடி வருதல், அதனுடன் வாந்தி.
4. பசியின்மை, காரணம் தெரியாத தொடர் வாந்தி, கடும் மலச்சிக்கல்.
5. வலிப்பு. உடல் முழுவதும் வெட்டி இழுப்பதாகவோ ஒரு கை அல்லது முகத்தின் ஒரு பக்கம் மட்டும் துடிப்பதாகவோ இருக்கலாம்.
6. இரு காதுகளிலும் படிப்படியாகக் கேட்கும் திறன் குறைதல்.
7. இளம் வயதில், உடல் பருமன் இல்லாதவருக்கு வரும் சர்க்கரை நோய்.
8. இதயத் தசை தடித்தல், இதயத் துடிப்பில் கோளாறு.
9. படிப்பில் திடீர்ப் பின்னடைவு, ஞாபக மறதி, குணத்தில் மாற்றம்.

இவற்றில் ஏதேனும் ஒன்று மட்டும் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. தலைவலியும் களைப்பும் சர்க்கரையும் ஊரெங்கும் உள்ளவை, அவற்றுக்குச் சாதாரணக் காரணங்களே அதிகம். ஆனால் ஒரே ஆளிடம் இரண்டு மூன்று சேர்ந்து காணப்பட்டாலோ, தாய்வழி உறவினர்களிடம் இவை பரவிக் கிடந்தாலோ அதை மருத்துவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். இளம் வயதில் சர்க்கரையும் காது கேளாமையும் தாய்வழியில் சேர்ந்து வருவது இந்த 3243 மாற்றத்தின் நன்கு அறியப்பட்ட அடையாளம்.

பக்கவாதம் போன்ற தாக்குதல்

மெலாஸ் நோயின் மிகக் கடுமையான கட்டம் இதுதான். திடீரென்று ஒரு பக்கப் பார்வை போய்விடும், அல்லது பார்வை முழுவதுமே தெரியாமல் போகும். பேச்சு குழறும். கை கால் ஒரு பக்கம் பலவீனமாகும். குழப்பமான பேச்சு, இல்லாததைக் காண்பது, தொடர் வலிப்பு ஆகியவையும் வரலாம். பெரும்பாலும் தலைவலியும் வாந்தியும் இவற்றுக்கு முன்னோடியாக இருக்கும்.

பார்ப்பதற்குப் பக்கவாதம் போலவே இருந்தாலும், வழக்கமான பக்கவாதத்தில் நடப்பதுபோல் பெரிய இரத்தக் குழாயில் அடைப்பு இருக்காது. ஆற்றல் தட்டுப்பாட்டால் மூளையின் அந்தப் பகுதியும் அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களும் செயலிழக்கின்றன. எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும் பாதிப்பு எந்த ஓர் இரத்தக் குழாயின் எல்லைக்குள்ளும் அடங்காமல் பரவியிருக்கும். மூளையின் பின்பகுதியில் அதிகம் காணப்படும். நாட்கள் செல்லச் செல்ல சில பாதிப்புகள் சரியாகின்றன. ஆனால் தாக்குதல்கள் திரும்பத் திரும்ப வந்தால் பார்வை, அறிவுத்திறன், நடமாட்டம் ஆகியவற்றில் நிரந்தரக் குறை சேர்ந்துகொண்டே போகும்.

தொடக்கத்தில் இதை மூளைக்காய்ச்சல் என்று மருத்துவர்களே கருதுவதும் உண்டு. வீட்டிலோ, பிள்ளை பிதற்றுவதையும் பார்வை வெறித்திருப்பதையும் கண்டு கண்ணேறு, ஜின் தீண்டல் என்று அலைபவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைக்காக துஆ செய்வதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் வலிப்போ பார்வை இழப்போ வந்த பிள்ளையை அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். தாயத்துக்கும் தண்ணீர் ஓதுவதற்கும் அலைந்து தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளைக்கு நஷ்டம்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதலில் இரத்தத்தில், தேவைப்பட்டால் தண்டுவட நீரில், லாக்டிக் அமிலத்தின் அளவைப் பார்க்கிறார்கள். மெலாஸில் இது பொதுவாகக் கூடுதலாக இருக்கும். எம்.ஆர்.ஐ. எடுக்கப்படும். தசையில் சிறு துண்டு எடுத்து நிறமேற்றிப் பார்த்தால், விளிம்பு கிழிந்ததுபோன்ற சிவப்பு இழைகள் தெரிவது உண்டு.

உறுதியான முடிவைத் தருவது மரபணுப் பரிசோதனை. இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. 3243 மாற்றத்தின் அளவு இரத்தத்தில் வயது ஏற ஏறக் குறைந்துகொண்டே போகும். எனவே பெரியவர்களுக்கு இரத்தப் பரிசோதனையில் தெரியவில்லை என்றால் நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. சிறுநீரில் உதிரும் உயிரணுக்களிலும் தசையிலும் சோதித்தால் தெளிவாகத் தெரியும். இதைக் கேட்டுச் செய்துகொள்வது நல்லது.

தென்னிந்தியாவில் பெங்களூரு நிம்ஹான்ஸ், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை, ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு மையம் ஆகியவை இத்துறையில் அனுபவம் உள்ளவை. இலங்கையில் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனித மரபியல் பிரிவு இருக்கிறது. அருகிலுள்ள நரம்பியல் மருத்துவரிடம் முதலில் காட்டி, அவருடைய பரிந்துரையுடன் செல்வதே சரியான வழி.

சிகிச்சையும் கவனிப்பும்

தாக்குதல் வந்தவுடன் பல மையங்களில் எல்-ஆர்ஜினைன் என்ற மருந்தை நரம்பு வழியாகச் செலுத்துகிறார்கள். இது சுருங்கிய இரத்தக் குழாய்கள் விரிய உதவும் என்ற அடிப்படையில் தரப்படுகிறது. ஜப்பானிய மருத்துவர்களே இதை முதலில் முன்னெடுத்தனர். வலிப்பை உடனடியாகக் கட்டுப்படுத்துவது இதைவிடவும் அவசியம். தாக்குதல் திரும்ப வராமல் தடுக்க டாரின் என்ற மருந்துக்கு ஜப்பான் அரசு 2019-ல் ஒப்புதல் அளித்தது. கோஎன்சைம் கியூ10, கார்னிடைன், ரிபோஃபிளேவின் போன்றவையும் கொடுக்கப்படுகின்றன. இவற்றின் பலன் ஆளுக்கு ஆள் மாறுபடும்.

பாதிக்கப்பட்ட ஒவ்வொரு உறுப்பையும் தனியாகக் கவனித்தால் வாழ்க்கை கணிசமாக எளிதாகும். காது கேளாமைக்குக் காதொலிக் கருவியும், அது போதாதபோது காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவை சிகிச்சையும் நல்ல பலன் தருகின்றன. சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டும். இதயப் பரிசோதனையை ஆண்டுதோறும் செய்ய வேண்டும். மருத்துவர் சொல்லும் அளவான நடைப்பயிற்சி தசைகளுக்கு நல்லது.

காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு போன்ற சாதாரண நோய்களும் இவர்களுக்குப் பெரிய தாக்குதலைக் கிளப்பிவிடலாம். ஆகவே வீட்டில் வைத்துப் பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. வழக்கமான தடுப்பூசிகளைத் தவறாமல் போட வேண்டும்.

எச்சரிக்கை தேவைப்படும் மருந்துகள்

வலிப்புக்கு வழக்கமாகத் தரப்படும் வால்ப்ரோயேட் மைட்டோகாண்ட்ரியா நோயாளிகளுக்குக் கேடு செய்யலாம், சில வகை நோயாளிகளுக்கு உயிராபத்தாகவும் முடியலாம். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் லாக்டிக் அமிலத்தைக் கூட்டும் அபாயம் உள்ளதால் வேறு மருந்தையே மருத்துவர்கள் விரும்புகிறார்கள். ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஊசி மருந்துகள் ஏற்கெனவே பலவீனமான காதை மேலும் கெடுக்கலாம். லினசோலிட் என்ற மருந்திலும் எச்சரிக்கை தேவை. அறுவை சிகிச்சை என்றால் மயக்க மருந்து நிபுணருக்கு நோயின் பெயரை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அதேசமயம், இதைப் படித்துவிட்டு யாரும் தம் மருந்தைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்துவதே உயிராபத்து. மருத்துவரைக் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். நோயின் பெயர், சாப்பிடும் மருந்துகள், தவிர்க்க வேண்டிய மருந்துகள் ஆகியவற்றை ஒரு அட்டையில் எழுதி நோயாளியின் பையில் எப்போதும் வைத்திருந்தால் அவசர நேரத்தில் கைகொடுக்கும்.

நோன்பு வைக்கலாமா?

நம் வீடுகளில் கட்டாயம் எழும் கேள்வி இது. நீண்ட நேரம் உண்ணாமலும் தண்ணீர் குடிக்காமலும் இருப்பது மைட்டோகாண்ட்ரியா நோயாளிகளின் உடலில் ஆற்றல் தட்டுப்பாட்டை அதிகரித்து, தாக்குதலுக்கு வழி வகுக்கலாம். நேரத்துக்கு உணவும் போதிய நீரும் அவர்களுக்கு மருந்துக்குச் சமம். நோயாளிகளுக்கு நோன்பிலிருந்து சலுகை இருப்பதைக் குர்ஆனே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தீராத நோய் உள்ளவர்கள் நோன்புக்குப் பகரமாக ஏழைக்கு உணவளிக்கலாம் என்பதும் ஆலிம்கள் சொல்வதே. ஆனாலும் 'ஊரே நோன்பு வைக்கும்போது நம் பிள்ளை மட்டும் சாப்பிடுவதா' என்ற கூச்சத்தால் பிள்ளைகள் மறைத்து நோன்பு வைப்பதுண்டு. பெற்றோரும் உற்றாரும் அந்தக் கூச்சத்தைப் போக்க வேண்டும்.

தாயைக் குறை சொல்லலாமா?

தாய்வழி வரும் நோய் என்றதும் பழி முழுவதும் பெண் மீது விழுகிறது. 'உன் வீட்டு நோய்' என்ற சொல் பல வீடுகளில் மணமுறிவு வரை போகிறது. இந்தப் பழியில் நியாயம் எதுவும் இல்லை. தன் உயிரணுவில் என்ன இருக்கிறது என்று எந்தத் தாயும் தேர்ந்தெடுப்பதில்லை. பலருக்குத் தமக்கு அந்த மாற்றம் இருப்பதே பிள்ளைக்கு நோய் வந்த பிறகுதான் தெரிகிறது. அந்தத் தாயும் ஒரு நோயாளியாக இருக்கக்கூடும். அவருக்கும் பரிசோதனையும் ஆறுதலும் தேவை.

யாருக்கு வரலாம், யாருக்கு வராது என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்வோம். மாற்றத்தைச் சுமக்கும் பெண்ணின் பிள்ளைகள் எல்லோரும், ஆணும் பெண்ணும், அதைப் பெறக்கூடும். அவருடைய உடன்பிறந்த சகோதரிகளையும் அவர்களின் பிள்ளைகளையும் பரிசோதிக்க வேண்டும். அவருடைய சகோதரருக்கு நோய் இருக்கலாம், ஆனால் அந்தச் சகோதரரின் பிள்ளைகளுக்கு அவர் வழியாக இது போகாது. எனவே மெலாஸ் உள்ள ஆண் பிள்ளைக்குத் திருமணம் பேசும்போது 'பிறக்கும் பிள்ளைக்கும் வரும்' என்று அஞ்சத் தேவையில்லை. அவருடைய சொந்த உடல்நிலையை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சொந்தத்தில் திருமணம் செய்ததால் மெலாஸ் வந்தது என்று சொல்வதும் தவறு. 3243 மாற்றம் நெருங்கிய உறவில் மணந்தாலும் அந்நியத்தில் மணந்தாலும் ஒரே விதமாகவே கடத்தப்படும். ஆனால் மைட்டோகாண்ட்ரியா நோய்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தேவையான புரதங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை உயிரணுக் கருவின் டி.என்.ஏ.விலிருந்தே வருகின்றன. அதில் உள்ள குறை தாய், தந்தை இருவரிடமும் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. சிறு குழந்தைகளைத் தாக்கும் லீ சிண்ட்ரோம் என்ற நோயின் பல வகைகள் இப்படிப்பட்டவை. அவற்றில் சொந்தத் திருமணம் அபாயத்தைக் கூட்டும். எந்த வகை என்று பரிசோதனையில் தெரிந்த பிறகே எதையும் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்த குழந்தை

மாற்றத்தைச் சுமக்கும் பெண்கள் கருத்தரிக்கும் முன்பே மரபணு ஆலோசனை பெறுவது நல்லது. கர்ப்ப காலத்தில் அவர்களுக்குச் சர்க்கரை நோயும் குறைமாதப் பிரசவமும் வர வாய்ப்பு கூடுதல் என்பதால் கவனமும் கூடுதலாகத் தேவை.

பிரிட்டனில் 2015-ல் மைட்டோகாண்ட்ரியா தான முறைக்குச் சட்ட அனுமதி கிடைத்தது. இதில் வேறொரு பெண்ணின் கருமுட்டையில் உள்ள நல்ல மைட்டோகாண்ட்ரியா பயன்படுத்தப்படுகிறது. நியூகாசில் மருத்துவக் குழுவினர் இம்முறையில் எட்டுக் குழந்தைகள் பிறந்ததாக 2025-ல் அறிவித்தனர். மூன்றாம் நபரின் கருமுட்டை சம்பந்தப்படுவதால் வம்சாவளி பற்றிய மார்க்கக் கேள்விகள் இதில் எழுகின்றன. அப்படி ஒரு வழியை யோசிப்பவர்கள் மருத்துவரிடம் மட்டுமின்றி, விஷயம் அறிந்த ஆலிம்களிடமும் கேட்டுத் தெளிவு பெற வேண்டும்.

இன்றே செய்யக்கூடியது

சந்தேகம் உள்ள குடும்பங்கள் ஒரு தாளை எடுத்து, தாய், தாயின் சகோதர சகோதரிகள், தாய்வழிப் பாட்டி, பாட்டியின் உடன்பிறந்தோர், அவர்களில் பெண்களின் பிள்ளைகள் என்று வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் சர்க்கரை, காது, இதயம், வலிப்பு, ஒற்றைத் தலைவலி, குள்ளம், இளவயது மரணம் ஆகியவற்றில் எது இருந்தது, எந்த வயதில் தொடங்கியது என்று குறியுங்கள். அந்தத் தாளை மருத்துவரிடம் கொடுங்கள். விலை உயர்ந்த எந்தக் கருவியும் தராத துப்பை அந்த ஒரு தாள் அவருக்குத் தரக்கூடும்.

மகளுக்கு வரன் அமையாது என்று நோயை மறைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. மறைப்பதால் நோய் போவதில்லை, அந்தக் குடும்பத்தின் அடுத்த பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய எச்சரிக்கைதான் கிடைக்காமல் போகிறது. நோயாளிகளுக்கு வல்ல இறைவன் நிவாரணம் தருவானாக. அவர்களைப் பராமரிக்கும் தாய்மார்களுக்கு நாம் தோள் கொடுப்போம்.